தராசும் எலுமிச்சையும்: மிதப்பையும் மின்கலத்தையும் வீட்டிலேயே அளந்து கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்க விடுவதையும், எலுமிச்சம்பழத்தில் ஆணியைக் குத்தி விளக்கு எரிய வைப்பதையும் நாம் எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருப்போம். பார்த்தோம், வியந்தோம், அதோடு விட்டுவிட்டோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள், இந்த முட்டை மேலே வர எத்தனை கிராம் உப்பு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்க்கத் தோன்றியது. சொல்ல முடியவில்லை. விளக்கம் மனப்பாடமாகத் தெரிந்தது, எண் தெரியவில்லை. அன்றுதான் இந்த இரண்டு பழைய சோதனைகளையும் முதலிலிருந்து, எண்களோடு, செய்யத் தொடங்கினேன்.

கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு விதிதான். சோதனையைத் தொடங்கும் முன் என்ன அளவு வரும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். பென்சிலில் வேண்டாம், பேனாவில். அப்புறம் அளந்து பக்கத்திலேயே எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் அன்றைய பாடம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

தேவையான பொருட்கள்

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு, பெரிய கண்ணாடிக் குவளை, நூல், அலுமினியத் தாள், ஸ்ட்ரா, மணல், உப்பு. மின்கலத்துக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சிவப்பு எல்.இ.டி. விளக்கு, இரண்டு முனையிலும் கவ்வி உள்ள ஒயர்கள், செம்புக் கம்பி, துத்தநாக முலாம் பூசிய ஆணிகள், வினிகர் அல்லது எலுமிச்சை, 1,000 ஓம் மின்தடை ஒன்று, உப்புத்தாள். பணத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் வேறு எதில் வேண்டுமானாலும் சேமியுங்கள். தராசும் மல்டிமீட்டரும் மட்டும் கட்டாயம் வேண்டும். இவை இல்லாமல் செய்தால் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடும்.

முதல் சோதனை: தண்ணீருக்குள் தொங்கும் கல்

மிதப்பைப் பற்றி ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

1. கோழிமுட்டை அளவில் ஒரு கல்லை எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் இருக்கும் கல் 156 கிராம்.
2. குவளையில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.
3. கல்லில் நூலைக் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கல் அடியையோ பக்கவாட்டையோ தொடக் கூடாது. நூலைக் கையில் பிடித்தால் ஆடும். குவளையின் இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து அதில் கட்டினால் அசையாது. புத்தக அடுக்குகள் தராசின் மேல் அல்ல, மேசையின் மேல் இருக்க வேண்டும்.
4. தராசைப் படியுங்கள்.

படிக்கும் முன் நிறுத்துங்கள். என்ன எண் வரும்? நான் கேட்டவர்களில் பாதிப் பேர் பூஜ்யம் என்றார்கள், கல்லைத்தான் நூல் தாங்குகிறதே என்று. மற்றவர்கள் 156 என்றார்கள். வந்தது 60.

தண்ணீர் கல்லை மேலே தள்ளுகிறது. அப்படியென்றால் கல்லும் தண்ணீரை அதே விசையோடு கீழே தள்ள வேண்டும். அந்தக் கீழ்நோக்கிய தள்ளல்தான் தராசில் தெரிகிறது. அது எவ்வளவு? கல் விலக்கிய தண்ணீரின் எடை. ஒரு மில்லி லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம் என்பதால், தராசில் 60 கிராம் என்றால் கல்லின் கனஅளவு 60 மில்லி லிட்டர். 156-ஐ 60-ஆல் வகுத்தால் 2.6. அதாவது அந்தக் கல் தண்ணீரைப் போல 2.6 மடங்கு அடர்த்தி. கருங்கல்லின் அடர்த்தி 2.6, 2.7 என்ற அளவில்தான் இருக்கும். கோணல்மாணலான ஒரு கல்லின் கனஅளவை அளவுகோல் இல்லாமல் அளந்துவிட்டீர்கள்.

சரி, அடுத்து ஒரு எவர்சில்வர் கரண்டி. 40 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டால் தராசு 5 காட்டும், அடர்த்தி 8. உண்மையான அளவுக்குப் பக்கம்தான். ஆனால் அந்த 5 என்பது 4.5-ஆகவும் இருக்கலாம், 5.5-ஆகவும் இருக்கலாம், தராசு முழு எண்ணாக்கிக் காட்டுகிறது. அப்படியானால் விடை 7.3 முதல் 8.9 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும். ஆறு கரண்டிகளைச் சேர்த்துக் கட்டி அளந்தேன். 240 கிராம், தண்ணீரில் 31. விடை 7.7. இப்போது அரை கிராம் பிழை விடையை அவ்வளவாக அசைப்பதில்லை. புதிதாக விலை உயர்ந்த தராசு வாங்காமல் அளவைத் துல்லியமாக்கும் வழி இது. பொருளின் மேல் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை மட்டும் உதறிவிடுங்கள். கரண்டிகளின் இடுக்கில் நிறையவே ஒளிந்திருக்கும்.

மிதக்கும் பொருளை என்ன செய்வது? மரத்துண்டை அப்படியே தண்ணீரில் விட்டால் தராசு அதன் முழு எடையைக் காட்டும். ஊசி முனையால் அதை முழுவதும் மூழ்கும்படி அழுத்தினால் கனஅளவைக் காட்டும். இரண்டு எண்களும் கிடைத்துவிட்டால் அடர்த்தியும் கிடைத்துவிடும்.

ஆர்க்கிமிடீஸ் கதையை இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சிராக்கூஸ் நகரில், மன்னரின் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று வழிந்த தண்ணீரை வைத்து அவர் கண்டுபிடித்ததாக, அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்திய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதினார். ஒரு கிலோ கிரீடம் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தங்கமாக இருந்தால் 52 மில்லி லிட்டர். 300 கிராம் வெள்ளி கலந்திருந்தால் 65. வித்தியாசம் 13 மில்லி லிட்டர். 20 செ.மீ. அகலமுள்ள பாத்திரத்தில் இது 0.4 மில்லி மீட்டர் உயர்வுதான்! கண்ணால் பார்த்துச் சொல்வது மிகவும் கடினம். 1586-இல் இளைஞராக இருந்த கலிலியோவும் இந்த முறை துல்லியமற்றது என்று கருதி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடைபோடும் தராசு ஒன்றை விவரித்தார். நீங்கள் இப்போது சமையலறைத் தராசில் செய்ததும் அதே எண்ணத்தின் இன்னொரு வடிவம்தான்.

இரண்டாவது சோதனை: எத்தனை கிராமில் மூழ்கும்?

அலுமினியத் தாளில் ஒரு பெட்டி மடியுங்கள். அடி 10 செ.மீ.க்கு 10 செ.மீ., சுவர் 3 செ.மீ. மூழ்கும் விளிம்பு வரை இது விலக்கக்கூடிய தண்ணீர் 300 மில்லி லிட்டர். ஆகவே மொத்தம் 300 கிராம் வரை தாங்க வேண்டும். தாளின் எடை ஒன்றிரண்டு கிராம்தான். எண்ணை எழுதிவிட்டு, நாணயங்களை ஒவ்வொன்றாக வையுங்கள்.

பெரும்பாலும் 200-ஐத் தாண்டிச் சற்று நேரத்திலேயே கவிழ்ந்துவிடும். கணக்கு பொய் இல்லை. பாரம் ஒரு மூலையில் சேர்ந்தால் அந்த மூலை முதலில் தாழ்கிறது, தண்ணீர் உள்ளே வருகிறது, அவ்வளவுதான். நாணயங்களைச் சமமாகப் பரப்பி மறுபடி செய்யுங்கள். எண் 300-ஐ நெருங்கும். பெட்டியைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, சரக்கு சரியாதபடி செய்தும் பாருங்கள். கப்பலில் பாரம் ஏற்றுவதற்கு ஏன் திட்டம் போடுகிறார்கள் என்று விரல் நுனியில் புரியும்.

மூன்றாவது சோதனை: ஸ்ட்ராவில் ஒரு திரவமானி

திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவிதான் திரவமானி. இதில் பொறுமை வேண்டும். ஆனால் கட்டுரையின் கடைசி வரை இது நமக்குக் கூடவே வரப்போகிறது.

ஒரு ஸ்ட்ராவின் அடியைச் சூடான பசையாலோ மெழுகாலோ நன்றாக அடையுங்கள். உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்த மணலைப் போட்டு, உயரமான குவளையில் மிதக்க விடுங்கள். ஸ்ட்ரா நேராக நின்று, சரியாக 100 மி.மீ. ஆழம் மூழ்கும்வரை மணலைக் கூட்டிக் குறையுங்கள். 6 மி.மீ. ஸ்ட்ராவுக்கு எல்லாம் சேர்த்து மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த இடத்தில் மெல்லிய பேனாவால் கோடு போடுங்கள். அடிப்பகுதியிலிருந்து மில்லி மீட்டர் அளவுகளையும் குறித்துவிடுங்கள்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான திரவத்தை விலக்குகிறது. திரவம் அடர்த்தியானால் குறைந்த அளவே விலக்கினால் போதும், ஸ்ட்ரா மேலே எழும். கணக்கு மிக எளிது: 100-ஐத் திரவத்தின் அடர்த்தியால் வகுத்தால் மூழ்கும் ஆழம். அறை வெப்பத்தில் இனி கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.2. ஆழம் 83, 84 மி.மீ. என்று வர வேண்டும். ஸ்ட்ராவைச் சுற்றித் தண்ணீர் லேசாக மேலேறி ஒட்டிக்கொள்ளும். அந்த வளைவைப் பார்க்காமல், கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திச் சமதளத்தைப் பார்த்துப் படியுங்கள். ஒரு மில்லி மீட்டர் தவறினால் அடர்த்தியில் நூற்றுக்கு ஒன்று தவறும்.

இப்போது முட்டைக்குத் திரும்புவோம். முதல் சோதனையைப் போலவே ஒரு முட்டையைச் சின்ன நூல்வலையில் தொங்கவிட்டு அளந்தேன். எடை 58, தண்ணீரில் 54. அடர்த்தி 1.074. அப்படியானால் ஸ்ட்ரா 93 மி.மீ. வரை எழும் உப்புநீரில் முட்டை மிதப்பதும் மூழ்குவதுமில்லாமல் நடுவில் நிற்க வேண்டும். உப்புக் கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 117 கிராம் அளவு. நிஜத்தில் 110-ஐத் தாண்டியதும் முட்டை அடியில் நிமிர்ந்து ஆடத் தொடங்கியது, இன்னும் கொஞ்சம் போட்டதும் மெதுவாகக் கிளம்பியது. அந்த மெதுவான எழுச்சியைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம். பழைய முட்டைக்கு உப்பு குறைவாகவே போதும். ஓட்டின் வழியே நீர் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றறை பெரிதாகிவிடுகிறது.

முதல் மின்கலம்

இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்டா 1800-இல் துத்தநாகத் தட்டுகளையும் வெள்ளி அல்லது செம்புத் தட்டுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையில் உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, தொடர்ந்து மின்னோட்டம் தரும் முதல் கருவியைச் செய்தார். அதே ஆண்டில் நிக்கல்சனும் கார்லைலும் அப்படிப்பட்ட ஓர் அடுக்கை வைத்துத் தண்ணீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார்கள். நம்முடைய கலமும் அதே குடும்பம்.

செம்புக் கம்பியையும் முலாம் பூசிய ஆணியையும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். செம்பு பளிச்சென்று ஆக வேண்டும். ஆணியை அழுத்தித் தேய்த்து முலாமையே நீக்கிவிடாதீர்கள், நமக்கு வேண்டியது அதுதான். சின்னக் குவளையில் வினிகர் ஊற்றி இரண்டையும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். எலுமிச்சையிலும் குத்தலாம். ஆனால் குவளைதான் எனக்குப் பிடிக்கும். தட்டுகளின் தூரத்தையும் ஆழத்தையும் மாற்றலாம், என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

மல்டிமீட்டரை நேர்மின்னழுத்தத்தில் (DC V) வைத்து, சிவப்பு முனையைச் செம்பிலும் கறுப்பை ஆணியிலும் வையுங்கள். 0.9 வோல்ட் அளவில் காட்டும். கறுப்பும் சிவப்பும் மாறினால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி வரும்.

இனி மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்போம். பழத்திலிருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆணியை எடுத்துவிட்டு இன்னொரு செம்புக் கம்பியை வையுங்கள். பழம் அதேதான், ஆனால் மின்னழுத்தம் ஏறத்தாழ பூஜ்யம். முலாம் இல்லாத இரும்பு ஆணியை வைத்தால் குறைகிறது. எலுமிச்சைக்குப் பதில் வினிகர், உருளைக்கிழங்கு, உப்புநீர் என்று மாற்றினால் எண் கொஞ்சம்தான் அசைகிறது. மின்னழுத்தத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது உலோக ஜோடி. துத்தநாகம் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகித் திரவத்தில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் ஒயர் வழியாகச் செம்புக்கு வருகின்றன. அங்கே அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளும், திரவத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. செம்பு கரைவதில்லை. இங்கே எரிபொருள் துத்தநாகம்தான். ஒரு கிராம் துத்தநாகம் முழுவதும் பயன்பட்டால் 820 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்கும். ஒரு மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் 34 நாள். நடைமுறையில் அமிலம் துத்தநாகத்தை நேரடியாகவும் அரித்து வீணாக்கும். ஆணியின் மேல் எழும் குமிழிகள் அதற்குச் சாட்சி.

விளக்கு ஏன் எரியவில்லை

ஒரு கலத்தில் விளக்கு எரியாததற்குக் காரணம் எளிது. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும். இரண்டு கலம் போட்டால் 1.8 வந்துவிடுமே, ஆனாலும் ஏன் எரியவில்லை? இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கோ மின்கலம் உண்மையில் புரிந்தது இந்த இடத்தில்தான்.

கலத்தின் இரு முனைக்கும் நடுவில் 1,000 ஓம் மின்தடையை இணைத்து, மறுபடி மின்னழுத்தத்தை அளங்கள். 0.95 இருந்தது 0.40-ஆக விழுந்துவிடும். மீதி 0.55 எங்கே போனது? கலத்துக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது, அதில் போனது. அகமின்தடை என்று பெயர். 0.95-ஐ 0.40-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 1,000-ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 1,375 ஓம். இந்தக் கலத்தை எப்படிப் பிழிந்தாலும் 0.7 மில்லி ஆம்பியருக்கு மேல் வராது.

இப்போது கணித்துவிட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆணியையும் கம்பியையும் நெருக்கினால்? ஒற்றைக் கம்பிக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, ஆணியையும் மூன்றாகக் கட்டினால்? வினிகரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால்? ஒவ்வொரு முறையும் அகமின்தடை குறைவதை எண்ணாகவே பார்க்கலாம். சற்று நேரம் கழித்து எண் மோசமானால் கலங்காதீர்கள். மின்னோட்டம் ஓட ஓட, செம்பை ஒட்டிய திரவத்தில் ஆக்சிஜன் தீர்கிறது, ஹைட்ரஜன் படலமாகவும் படிகிறது. ஒரு குச்சியால் செம்பைத் துடைத்துத் திரவத்தைக் கலக்கினால் மின்னழுத்தம் உடனே மேலேறும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்யுங்கள்.

விளக்குக்கு நான்கு குவளைகள் போதும். ஒரு குவளையின் செம்பை அடுத்த குவளையின் ஆணியோடு கோத்துத் தொடராக இணையுங்கள். எல்.இ.டி.யின் நீண்ட கால் கடைசியில் தனியாக நிற்கும் செம்புக்கு, குட்டைக் கால் ஆணிக்கு. தனியாகத் தடை எதுவும் தேவையில்லை, கலத்தின் அகமின்தடையே காவல். அறையை இருட்டாக்கினால் மங்கலான சிவப்பு தெரியும். எரியாவிட்டால் முதலில் காலை மாற்றிப் போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளங்கள். ஒரே பழத்தில் நான்கு ஜோடி குத்தியிருந்தால் அது நான்கு கலம் ஆகாது. திரவம் எல்லாவற்றையும் உள்ளேயே இணைத்துவிடுகிறது. தனித்தனித் திரவம் கட்டாயம்.

கொஞ்சம் வலுவான கலம்

அலுமினியத் தாளை விரித்து, அடர் உப்புநீரில் நனைத்த காகிதத் துவாலையை அதன் மேல் வையுங்கள். மீன்தொட்டி வடிகட்டியில் போடும் கரியைப் பொடித்து, உப்புநீர் தெளித்து, துவாலையின் மேல் குவியுங்கள். ஒரு கவ்வி தாளில், இன்னொன்று கரிக்குள். கரி தாளைத் தொடக் கூடாது. கையால் அழுத்தினால் மின்னோட்டம் ஏறுவது மீட்டரில் தெரியும்; கரித்துகள்கள் ஒன்றையொன்று தொடுவதுதான் காரணம். இங்கே அலுமினியம் எரிபொருள், எலக்ட்ரானை வாங்குவது கரியின் துளைகளில் இருக்கும் காற்றின் ஆக்சிஜன். எலுமிச்சைக் கலத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் தரும். சின்ன மோட்டார் சுழலக்கூடும்.

செய்யக் கூடாதவை

சோதனைக்குப் பயன்படுத்திய பழத்தையும் வினிகரையும் சாப்பிட வேண்டாம், கரைந்த உலோகம் அதில் இருக்கிறது. கடையில் வாங்கிய பேட்டரிகளைப் பிரிக்கவோ அறுக்கவோ வேண்டாம். பேட்டரியை உப்புநீரில் இணைத்தால் குளோரின் வாயு வரும், அதையும் விடுங்கள். பொத்தான் பேட்டரிகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். மல்டிமீட்டரைச் சுவர் மின்சாரத்தில் வைத்துப் பழகாதீர்கள்.

ஸ்ட்ராவும் பேட்டரியும் சந்திக்கும் இடம்

வாகனங்களில் உள்ள ஈய-அமில பேட்டரியில் திரவம் வெறும் வழிப்பாதை மட்டுமல்ல, வினையிலேயே பங்கேற்கிறது. மின்சாரம் எடுக்க எடுக்க கந்தக அமிலத்தின் சல்பேட் ஈயத் தட்டுகளில் படிந்துவிடும், திரவம் நீர்த்துப்போகும். முழுச் சார்ஜில் அதன் அடர்த்தி 1.27 அளவில் இருக்கும்; தீர்ந்துபோனால் 1.12 அளவுக்கு இறங்கும். அதனால்தான் மூடி திறக்கும் வகை பேட்டரிகளைப் பரிசோதிக்கும் மெக்கானிக், ரப்பர் குமிழ் உள்ள ஒரு கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் சிறு குழல் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார். மின்னழுத்தத்தை அளக்காமல், மிதப்பை வைத்தே பேட்டரியின் நிலையைச் சொல்லிவிடுகிறார்.

உங்கள் ஸ்ட்ராவை அந்த அமிலத்தில் விடவே வேண்டாம், தோலையும் கண்ணையும் எரித்துவிடும். நோட்டில் கணக்கு மட்டும் போடுங்கள். 100-ஐ 1.27-ஆல் வகுத்தால் 79 மி.மீ. 1.12-ஆல் வகுத்தால் 89. நிறைந்த பேட்டரிக்கும் தீர்ந்த பேட்டரிக்கும் நடுவில், நீங்கள் மணல் போட்டுச் செய்த அந்த ஸ்ட்ராவில், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்.